விஎம் டிஸ்க்கைப் பெரிதாக்குவது: லினக்ஸில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இவை எல்லாமே என்னிடம் வந்த கேள்விகள். சர்வர் வேலைக்குப் புதிதாக வந்தவர்கள், கோடு எழுதுவதோடு ஒரு விஎம்மையும் (ஒரு மெஷினுக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு மெஷின்) பார்த்துக்கொள்பவர்கள், நடுராத்திரியில் டிஸ்க் நிறைந்துபோய்ப் பதறியவர்கள் எனப் பலரும் கேட்டது. திரும்பத் திரும்ப அதே சந்தேகங்கள் வந்ததால், கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

கட்டளைகளின் பெயர்களை உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் அடியுங்கள். உதாரணங்களில் டிஸ்க்கின் பெயர் எஸ்டிஏ. உங்களிடம் அது விடிஏ என்றோ என்விஎம்இ0என்1 என்றோ இருக்கலாம், பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

1. விஎம் செட்டிங்ஸ்ல டிஸ்க்கை 100 ஜிபி ஆக்கிட்டேன். ஆனா உள்ளே போய்ப் பார்த்தா இன்னும் 50 ஜிபிதான் காட்டுது. ஏன்?

நீங்கள் செய்தது சரிதான், ஆனால் வேலை இன்னும் முடியவில்லை. ஒரு விஎம்மில் இடம் பல அடுக்குகளாக இருக்கிறது. அடியில், விஎம்களை ஓட்டும் மென்பொருளான ஹைப்பர்வைசர் கொடுத்த டிஸ்க். அதற்கு மேல், அந்த டிஸ்க் எவ்வளவு பெரியது என்று லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் வைத்திருக்கும் கணக்கு. பிறகு பார்டிஷன், அதாவது டிஸ்க்கைப் பிரித்த பகுதி. டிஸ்க் இடத்தைச் சேர்த்துப் பங்கிட உதவும் எல்விஎம் இருந்தால் பிசிக்கல் வால்யூம் (எல்விஎம்மிடம் கொடுத்த பார்டிஷன் அல்லது டிஸ்க்), வால்யூம் குரூப் (அவற்றைச் சேர்த்த தொகுப்பு), லாஜிக்கல் வால்யூம் (அதிலிருந்து வெட்டிய பங்கு) என்று இன்னும் மூன்று. எல்லாவற்றுக்கும் மேலே, ஃபைல்களை ஒழுங்காக வைத்திருக்கும் ஃபைல்சிஸ்டம்.

அடியில் இருப்பது வளர்ந்துவிட்டது என்பது மேலே இருப்பதற்குத் தானாகத் தெரியாது. ஒவ்வொரு அடுக்காக, கீழிருந்து மேலே சொல்லிக்கொண்டே வரவேண்டும். 'டிஎஃப்' கட்டளை காட்டுவது கடைசி அடுக்கான ஃபைல்சிஸ்டத்தின் அளவை மட்டும்தான். அதனால் அங்கே 50 என்று வந்தால், நடுவில் எங்கோ ஓர் அடுக்குக்கு இன்னும் செய்தி போகவில்லை என்று பொருள். இந்தப் பக்கத்தில் வரும் பாதிக் கேள்விகளுக்கு, அது எந்த அடுக்கு என்று கண்டுபிடிப்பதே பதில்.

2. எந்த அடுக்குல நிக்குதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

எதையும் மாற்றுவதற்கு முன்னால் இரண்டு கட்டளைகள்: 'எல்எஸ்பிஎல்கே', அப்புறம் 'டிஎஃப் -டிஎச்' (df -Th). முதலாவது டிஸ்க்கிலிருந்து லாஜிக்கல் வால்யூம் வரை மரம்போல் காட்டும். இரண்டாவது ஃபைல்சிஸ்டத்தின் அளவையும் வகையையும் சொல்லும். எல்விஎம் இருந்தால் 'விஜிஎஸ்' கட்டளையையும் பாருங்கள். அதில் விஃப்ரீ என்ற பத்தியில் குரூப்பில் மிச்சம் உள்ள இடம் தெரியும்.

ஒரு மரத்தைச் சேர்ந்து படித்துப் பார்ப்போம். எஸ்டிஏ 100ஜி. அதன் கீழே எஸ்டிஏ1 1எம், எஸ்டிஏ2 2ஜி, எஸ்டிஏ3 48ஜி. எஸ்டிஏ3-க்குக் கீழே ரூட் (சிஸ்டமே இருக்கும் முக்கிய இடம்) என்ற லாஜிக்கல் வால்யூம், அதுவும் 48ஜி. டிஸ்க் 100 ஆகிவிட்டது என்று முதல் வரியே சொல்கிறது, ஆகவே கெர்னலுக்குச் செய்தி வந்துவிட்டது. மூன்று பார்டிஷனையும் கூட்டினால் 50. மீதி 50 எஸ்டிஏ3-க்குப் பின்னால் யாரும் தொடாமல் கிடக்கிறது. அப்படியானால் நின்றுபோன அடுக்கு பார்டிஷன். அடுத்த வேலை அங்கேதான் தொடங்குகிறது.

இதுவே முதல் வரியில் எஸ்டிஏ 50ஜி என்றே இருந்தால், பார்டிஷனைத் தொடாதீர்கள். 8-ஆம் கேள்விக்குப் போங்கள்.

3. எல்விஎம் எல்லாம் இல்லை, சாதாரண பார்டிஷன்தான். என்ன பண்ணணும்?

இரண்டே படிகள். முதலில் 'குரோபார்ட்' கட்டளையால் பார்டிஷனை டிஸ்க்கின் முடிவுவரை இழுக்க வேண்டும். பிறகு ஃபைல்சிஸ்டத்தை அந்தப் பார்டிஷன் அளவுக்கு விரிக்க வேண்டும், அதற்கான கட்டளைகள் 4-இல். குரோபார்ட் இல்லை என்று வந்தால், டெபியன், உபுண்டுவில் கிளவுட்-கெஸ்ட்-யூட்டில்ஸ் என்ற பேக்கேஜிலும், ரெட் ஹேட் வகையறாவில் கிளவுட்-யூட்டில்ஸ்-குரோபார்ட் என்ற பேக்கேஜிலும் கிடைக்கும்.

கிட்டத்தட்ட எல்லோரும் முதல் தடவை தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. குரோபார்ட்டுக்கு டிஸ்க்கின் பெயரையும் பார்டிஷனின் எண்ணையும் தனித்தனியாக, நடுவில் இடைவெளி விட்டுக் கொடுக்க வேண்டும். எஸ்டிஏ, ஓர் இடைவெளி, 3. சேர்த்து எஸ்டிஏ3 என்று கொடுத்தால் ஏற்காது. என்விஎம்இ டிஸ்க்கில் பார்டிஷன் பெயர் பி1 என்று முடியும். அங்கேயும் அந்தப் பி வராது, என்விஎம்இ0என்1, இடைவெளி, 1. பயமாக இருந்தால் முதலில் ட்ரை-ரன் ஆப்ஷனோடு ஓட்டுங்கள். எதையும் மாற்றாமல் என்ன செய்யப்போகிறது என்று மட்டும் சொல்லும்.

4. பார்டிஷன் பெருசாயிடுச்சு. ஆனா ரீசைஸ்2எஃப்எஸ் போட்டா 'பேட் மேஜிக் நம்பர்'னு திட்டுது. டிஸ்க் போயிடுச்சா?

டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை, நிம்மதியாக இருங்கள். 'ரீசைஸ்2எஃப்எஸ்' எக்ஸ்டி2, எக்ஸ்டி3, எக்ஸ்டி4 ஆகிய மூன்று ஃபைல்சிஸ்டம் வகைகளுக்கு மட்டும்தான். உங்களுடையது பெரும்பாலும் எக்ஸ்எஃப்எஸ் என்ற வேறு வகை. ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 2014-இல் வந்த 7-ஆம் பதிப்பிலிருந்து எக்ஸ்எஃப்எஸ்ஸைத்தான் இயல்பாகப் போடுகிறது. உபுண்டு பழகியவர் அந்தப் பக்கம் வந்தால் இந்தப் பிழை கட்டாயம் கண்ணில் படும்.

எக்ஸ்எஃப்எஸ்ஸுக்கு 'எக்ஸ்எஃப்எஸ்_குரோஎஃப்எஸ்'. அதற்கு மவுண்ட் ஆன இடத்தை (ஃபைல்சிஸ்டம் இணைந்திருக்கும் டைரக்டரியை) கொடுங்கள், ரூட் என்றால் வெறும் ஒரு சாய்கோடு. ரீசைஸ்2எஃப்எஸ்ஸுக்கு டிவைஸின் பெயரைக் கொடுக்க வேண்டும். பிடிஆர்எஃப்எஸ் என்றால் 'பிடிஆர்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம் ரீசைஸ் மேக்ஸ்', கூடவே மவுண்ட் ஆன இடம். மூன்றுமே மவுண்ட் ஆகி ஓடிக்கொண்டிருக்கும்போதே வளரும்.

5. எங்க சர்வர்ல எல்விஎம் இருக்கு. அதுக்கு எத்தனை படி?

பார்டிஷன் வரை 3-இல் சொன்னதேதான். அதற்கு மேல் 'பிவிரீசைஸ்' கட்டளையை எஸ்டிஏ3-க்குக் கொடுத்தால் பிசிக்கல் வால்யூம் புதிய அளவைப் பார்த்துக்கொள்ளும், வால்யூம் குரூப்பிலும் இடம் தானாகச் சேரும். 'விஜிஎஸ்' போட்டு விஃப்ரீ ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, 'எல்விஎக்ஸ்டெண்ட்' கட்டளையால் லாஜிக்கல் வால்யூமை வளர்க்கலாம்.

எல்விஎக்ஸ்டெண்டோடு -ஆர் என்ற ஆப்ஷனைச் சேர்க்கும் பழக்கம் நல்லது. ஃபைல்சிஸ்டம் எது என்று அதுவே பார்த்து, சரியான கட்டளையை ஓட்டி, அதையும் சேர்த்து விரித்துவிடும். 4-ஆம் கேள்விக்கே வேலை இருக்காது. அதை மறந்தால் லாஜிக்கல் வால்யூம் மட்டும் வளரும், டிஎஃப் அப்படியே இருக்கும். அப்போதும் பரவாயில்லை, ஃபைல்சிஸ்டத்தைக் கையால் விரித்தால் போதும்.

சில இடங்களில் பார்டிஷனே இல்லாமல் முழு டிஸ்க்கையும் பிசிக்கல் வால்யூமாகப் போட்டிருப்பார்கள். எல்எஸ்பிஎல்கே மரத்தில் எஸ்டிபி-க்குக் கீழே நேராக லாஜிக்கல் வால்யூம் வந்தால் அதுதான். அங்கே குரோபார்ட்டுக்கு இடமே இல்லை, நேராகப் பிவிரீசைஸ். டேட்டா டிஸ்க்குக்கு இந்த ஏற்பாடு எனக்குப் பிடிக்கும், ஓர் அடுக்கு குறைகிறது.

6. எல்விஎக்ஸ்டெண்ட் ஆப்ஷன்ல சின்ன 'எல்'லா, பெரிய 'எல்'லா? ப்ளஸ் போடணுமா வேண்டாமா? எப்பவும் குழப்பம்தான்.

பெரிய எல் அளவைக் குறிக்கும்: 10ஜி, 500எம் போல. சின்ன எல் எக்ஸ்டெண்ட் எண்ணிக்கையையோ சதவீதத்தையோ குறிக்கும். '+100%ஃப்ரீ' என்று பலர் போடுவது சின்ன எல்லோடு. ஓர் எக்ஸ்டெண்ட் என்பது எல்விஎம் இடத்தை வெட்டிக் கொடுக்கும் துண்டு, மாற்றாமல் விட்டால் 4 எம்பி.

ப்ளஸ் போட்டால் 'இப்போது இருப்பதோடு இவ்வளவு சேர்', போடாவிட்டால் 'மொத்தம் இவ்வளவு ஆக்கு'. 50 ஜிபி வால்யூமுக்கு ப்ளஸ் இல்லாமல் 10ஜி என்று அடித்தால் எல்விஎக்ஸ்டெண்ட் மறுத்துவிடும், ஏனென்றால் அதற்கு வளர்க்க மட்டும்தான் தெரியும். அதே பிழையை 'எல்விரீசைஸ்' கட்டளையில் செய்தால், 50-ஐ 10 ஆகச் சுருக்கட்டுமா என்று கேட்கும். அவசரத்தில் ஆம் என்று சொல்லிவிட்டால் டேட்டா போய்விடும். வளர்ப்பதற்கு எல்விரீசைஸைத் தொடவே வேண்டாம் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

100 சதவீதத்தையும் ஒரே வால்யூமுக்குக் கொடுப்பதும் எனக்கு உடன்பாடில்லை. குரூப்பில் மிச்சம் இருக்கும் இடத்தை ஒரு நொடியில் சேர்த்துவிடலாம். சேர்த்ததைத் திரும்ப எடுப்பது 16-இல் சொல்லியிருப்பதுபோல் பெரும்பாடு. தேவையானதைக் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் கையில் வைத்திருங்கள்.

7. உபுண்டு சர்வரைப் புதுசாத்தான் போட்டேன். டிஸ்க்கை மாத்தவே இல்லை. ஆனா ரூட்ல பாதி இடம்தான் இருக்கு. இன்ஸ்டால்ல தப்பு பண்ணிட்டேனா?

இல்லை. உபுண்டு சர்வர் இன்ஸ்டாலர் எல்விஎம் போடும்போது முழு இடத்தையும் ரூட்டுக்குக் கொடுக்காமல் குரூப்பில் ஒரு பகுதியை விட்டுவைக்கும். பின்னால் வேறு வால்யூம்களுக்கும் ஸ்னாப்ஷாட்டுக்கும் (ஒரு நேரத்து நிலையைப் பிடித்து வைப்பது) பயன்படட்டும் என்பதற்காக. 'விஜிஎஸ்' போட்டால் அந்த இடம் விஃப்ரீயில் இருக்கும். குரோபார்ட், பிவிரீசைஸ் எதுவும் தேவையில்லை. 5-இன் கடைசிப் படி மட்டும் போதும்.

8. எல்எஸ்பிஎல்கே-லேயே பழைய அளவுதான் வருது. ரீபூட் பண்ணியே ஆகணுமா?

பெரும்பாலும் தேவையில்லை. விர்ட்ஐஓ பிளாக் டிஸ்க், அதாவது விடிஏ, விடிபி என்று வருபவை, அளவு மாறினால் கெர்னலுக்குத் தானாகத் தெரிந்துவிடும். எஸ்டிஏ என்று வரும் ஸ்கஸி டிஸ்க்குகள் பல நேரம் அப்படிச் சொல்லாது, நாம்தான் திரும்பப் பார்க்கச் சொல்ல வேண்டும். சிஸ் என்ற டைரக்டரிக்குள் கிளாஸ், பிளாக், எஸ்டிஏ, டிவைஸ் என்று வரிசையாக உள்ளே போனால் ரீஸ்கேன் என்று ஒரு ஃபைல் இருக்கும். அதில் 1 என்று எழுதினால் கெர்னல் அளவைப் புதிதாகக் கேட்டுக்கொள்ளும்.

இதில் இரண்டு இடங்களில் சிக்கிக்கொள்கிறார்கள். 'சூடோ எக்கோ' போட்டு அம்புக்குறியால் ஃபைலுக்குத் திருப்பினால் அனுமதி இல்லை என்று வரும். 'சூடோ' தரும் அட்மின் அனுமதி எக்கோவுக்கு மட்டும்தான், ஃபைலில் எழுதும் வேலையைச் செய்வது உங்கள் சாதாரண ஷெல். எக்கோவின் வெளியீட்டைக் குழாய் வழியாகச் 'சூடோ டீ'-க்கு அனுப்புங்கள். இன்னொன்று, ஸ்கஸி ஹோஸ்ட் டைரக்டரியில் ஸ்கேன் என்ற ஃபைலில் மூன்று கோடுகளை எழுதும் வழி. அது புதிதாகச் சேர்த்த டிஸ்க்கைக் கண்டுபிடிப்பதற்கு. ஏற்கெனவே இருக்கும் டிஸ்க்கின் அளவு அதனால் மாறாது.

9. இதையெல்லாம் சர்வர் ஓடிக்கிட்டு இருக்கும்போதே செய்யலாமா? யூசர்ஸ் உள்ளே இருக்காங்க.

லினக்ஸுக்கு உள்ளே நடப்பது எல்லாமே ஓடும்போது செய்யக்கூடியவை. வெளிப்பக்கம்தான் மாறும். விஎம்வேரில் ஸ்கஸி டிஸ்க்கை ஓடும்போதே பெரிதாக்கலாம். ப்ராக்ஸ்மாக்ஸிலும் முடியும். விர்ச்சுவல்பாக்ஸில் விஎம்மை ஆஃப் செய்ய வேண்டும். அமேசான் கிளவுடின் டிஸ்க்கான இபிஎஸ் வால்யூம் இணைப்பில் இருக்கும்போதே வளரும்.

லினக்ஸிலேயே இருக்கும் ஹைப்பர்வைசரான கேவிஎம்மில் ஒரே ஓர் எச்சரிக்கை. விஎம் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் இமேஜ் ஃபைலின்மேல் 'கியூஎம்யூ-இமேஜ்' கட்டளையை ஓட்டாதீர்கள். ஒரே ஃபைலில் இரண்டு பேர் எழுதப்போய் இமேஜ் கெட்டுவிடலாம். ஓடும் விஎம்முக்கு 'விர்ஷ்' கட்டளையின் பிளாக்ரீசைஸ் இருக்கிறது.

10. ஸ்னாப்ஷாட் எடுத்துட்டு செய்யலாம்னு பார்த்தா, ஸ்னாப்ஷாட் இருக்கிறதால டிஸ்க்கை மாத்த விடமாட்டேங்குது. அப்போ எந்தப் பாதுகாப்பும் இல்லாமத்தான் செய்யணுமா?

நியாயமான கேள்வி. விஎம்வேரில் ஸ்னாப்ஷாட் இருக்கும் விஎம்மின் டிஸ்க்கைப் பெரிதாக்க முடியாது. ஆகவே வரிசையை மாற்றுங்கள். முதலில் முழு பேக்கப்போ குளோனோ எடுங்கள். பழைய ஸ்னாப்ஷாட்டுகளை நீக்கி டிஸ்க்கைப் பெரிதாக்குங்கள். லினக்ஸுக்குள் நுழைவதற்கு முன் புதிதாக ஒரு ஸ்னாப்ஷாட் எடுங்கள். ஆபத்து வரக்கூடிய இடம் பார்டிஷன் டேபிளைத் தொடும் இடம்தான். அதற்குமுன் ஒரு ஸ்னாப்ஷாட் கையில் இருந்தால் போதும். எல்லாம் சரி என்று தெரிந்ததும் அதை நீக்கிவிடுங்கள், விட்டுவைத்தால் அது வளர்ந்துகொண்டே போகும்.

இதோடு 'எஸ்எஃப்டிஸ்க் -டி' (sfdisk -d) போட்டுப் பார்டிஷன் டேபிளை ஒரு டெக்ஸ்ட் ஃபைலாக எடுத்து வேறு மெஷினில் வைத்துக்கொள்ளுங்கள். சில வரிகள்தான் வரும். நான் ஒருமுறை தவறான டிஸ்க்கின் பார்டிஷனை அழித்துவிட்டபோது, அந்தச் சின்ன ஃபைலை வைத்துத்தான் எல்லாவற்றையும் மீட்டேன். அன்றிலிருந்து அது இல்லாமல் இந்த வேலையைத் தொடங்குவதில்லை.

11. குரோபார்ட் 'நோசேஞ்ச்'னு சொல்லிட்டு நின்னுடுது. டிஸ்க்ல இடம் இருக்குன்னு நல்லாத் தெரியுது.

இடம் இருக்கிறது, ஆனால் உங்கள் பார்டிஷனுக்கு அடுத்து இல்லை. பார்டிஷன் பின்பக்கமாக மட்டும்தான் வளரும், நடுவில் இன்னொன்று உட்கார்ந்திருந்தால் தாண்டிப் போகாது. பொதுவாக அங்கே இருப்பது ஸ்வாப், அதாவது மெமரி போதாதபோது பயன்படும் டிஸ்க் இடம்: எஸ்டிஏ1 ரூட், எஸ்டிஏ2 ஸ்வாப், அதற்குப் பிறகு காலி இடம்.

ஸ்வாப் என்றால் வழி எளிது. மெமரியில் போதுமான இடம் இருக்கிறதா என்று 'ஃப்ரீ' கட்டளையால் பார்த்துவிட்டு 'ஸ்வாப்ஆஃப்' செய்யுங்கள். அந்தப் பார்டிஷனை நீக்குங்கள். ரூட்டை வளருங்கள். பிறகு ரூட்டுக்குள்ளேயே ஒரு ஸ்வாப் ஃபைல் போட்டுக்கொள்ளுங்கள். பூட்டில் எதையெல்லாம் இணைக்க வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில் பழைய ஸ்வாப்பின் வரியை எடுக்க மறக்காதீர்கள். டெபியன், உபுண்டுவில் இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ் டைரக்டரிக்குள் ரெஸ்யூம் என்ற ஃபைலிலும் பழைய ஸ்வாப்பின் யூயூஐடி (அடையாள எண்) இருக்கலாம். அதை விட்டுவிட்டால் அடுத்த பூட்டில் இல்லாத ஸ்வாப்பைத் தேடிக்கொண்டு சர்வர் சும்மா காத்திருக்கும். திருத்திவிட்டு 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்' ஓட்டுங்கள்.

பழைய டெபியன், உபுண்டு விஎம்களில் எஸ்டிஏ2, எஸ்டிஏ5 என்று எண் தாவி இருந்தால் கதை வேறு. எஸ்டிஏ2 ஓர் எக்ஸ்டெண்டட் பார்டிஷன், வெறும் உறை. எஸ்டிஏ5 அதற்குள் இருக்கிறது. உறையை முதலில் பெரிதாக்கினால்தான் உள்ளே இருப்பது வளரும். 'பார்டட்' கட்டளையில் ரீசைஸ்பார்ட் என்று முதலில் 2-க்கும் பிறகு 5-க்கும் கொடுங்கள்.

12. எஃப்டிஸ்க்ல பார்டிஷனை அழிச்சிட்டுத் திரும்ப உருவாக்கச் சொல்றாங்க. அழிச்சா டேட்டா போயிடாதா?

குரோபார்ட் இருந்தால் இந்த வழிக்குப் போகாதீர்கள். இல்லாத பழைய மெஷினில் சிக்கிக்கொண்டால் என்ன நடக்கிறது என்று புரிந்துகொண்டு செய்யுங்கள். பார்டிஷன் டேபிள் என்பது 'இந்த செக்டாரில் தொடங்கி இந்த செக்டாரில் முடிகிறது' என்ற குறிப்பு மட்டும்தான் (செக்டார் என்பது டிஸ்க்கின் ஒரு சின்னத் துண்டு). அந்தக் குறிப்பை அழித்தால் டேட்டா இருந்த இடத்திலேயே இருக்கும். அதே தொடக்கத்தோடு, தள்ளிப்போன முடிவோடு திரும்ப எழுதினால் எல்லாம் அப்படியே கிடைக்கும்.

ஆகவே தொடக்க செக்டார் ஓர் எண்கூட மாறக்கூடாது. முதலில் 'பி' அடித்துப் பட்டியலைப் பார்த்து, ஸ்டார்ட் பத்தியில் உள்ள எண்ணைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். முதல் பார்டிஷனுக்குப் பெரும்பாலும் 2048 இருக்கும், பழைய சிஸ்டங்களில் 63. புதிதாக உருவாக்கும்போது எஃப்டிஸ்க் தானாக 2048 என்று முன்வைக்கும், உங்களுடையது 63 என்றால் எண்டரைத் தட்டிவிடாமல் 63 என்று அடிக்க வேண்டும். கடைசியில், 'இங்கே எக்ஸ்டி4 சிக்னேச்சர் இருக்கிறது, நீக்கட்டுமா' என்று ஒரு கேள்வி வரும். வேண்டாம், 'என்' அடியுங்கள். எண்கள் எல்லாம் சரி என்று மறுபடி 'பி' போட்டுப் பார்த்த பிறகே 'டபிள்யூ'. அதுவரை டிஸ்க்கில் எதுவும் எழுதப்படவில்லை, சந்தேகம் வந்தால் 'கியூ' அடித்து வெளியே வந்துவிடலாம்.

எழுதிய பிறகு டிவைஸ் பிஸி என்று சொன்னால், டேபிள் மாறிவிட்டது, கெர்னல் மட்டும் பழையதை வைத்திருக்கிறது. 'பார்ட்எக்ஸ் -யூ' போட்டுப் பாருங்கள், அதுவும் கேட்காவிட்டால் ரீபூட்.

13. டிஸ்க் 100 சதவீதம் நிறைஞ்சிருச்சு. இப்போ குரோபார்ட்டே 'நோ ஸ்பேஸ்'னு சொல்லுது. இடம் சேர்க்கிறதுக்கே இடம் இல்லையா?

ஆமாம், உண்மையிலேயே அதுதான். குரோபார்ட் வேலை செய்ய டெம்ப் டைரக்டரியில் சின்னதாக ஒரு டைரக்டரி உருவாக்க வேண்டும். அதற்கும் இடம் இல்லாதபோது விழுந்துவிடுகிறது. டெம்ப் மேல் ஒரு 10 எம்பி டிஎம்பிஎஃப்எஸ் மவுண்ட் செய்யுங்கள், அது ரேமில் இருக்கும். குரோபார்ட் முடிந்ததும் அன்மவுண்ட் செய்துவிடலாம்.

எல்விஎம்முக்கும் இதே தொல்லை உண்டு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் எடிசி டைரக்டரிக்குள் தன் மெட்டாடேட்டாவின் பிரதியை எழுதும். முடியாவிட்டால் நின்றுவிடும். ஆட்டோபேக்கப் ஆப்ஷனில் 'என்' கொடுத்தால் அந்தப் பிரதியைத் தவிர்க்கும். ஆனால் அந்தப் பிரதி ஆபத்துக்கு உதவுவது, ஆகவே முதலில் கொஞ்சம் இடம் ஒழிக்கப் பாருங்கள். 'ஜர்னல்சிடிஎல்' கட்டளையில் வேக்யூம்-சைஸ் 200எம் என்று கொடுத்துப் பழைய லாக்கைக் குறைக்கலாம். 'ஏபிடி கிளீன்' அல்லது 'டிஎன்எஃப் கிளீன் ஆல்' போட்டாலும் நல்ல இடம் கிடைக்கும்.

14. டியூ போட்டு ஃபைல்களோட அளவைக் கூட்டினா 20 ஜிபிதான் வருது, டிஎஃப் 50 ஜிபியும் போச்சுங்குது. டிஸ்க்கைப் பெருசாக்கினா சரியாயிடுமா?

கொஞ்சநாள் சரியாகும், பிறகு அதுவும் நிறையும். ஒரு ப்ராசஸ் திறந்து வைத்திருக்கும் ஃபைலை யாரோ அழித்திருப்பார்கள், வழக்கமாக ஒரு பெரிய லாக். பெயர் போய்விடும், ப்ராசஸ் விடும்வரை இடம் போகாது. 'எல்எஸ்ஓஎஃப் +எல்1' (lsof +L1) அந்த ஃபைல்களைக் காட்டும். அந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் 30 ஜிபி திரும்பிவிடும்.

இடம் இருந்தும் 'நோ ஸ்பேஸ்' வந்தால் 'டிஎஃப் -ஐ' போட்டு ஐநோடு (ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒன்று தேவைப்படும் பதிவு) எண்ணிக்கையைப் பாருங்கள். லட்சக்கணக்கில் சின்னச் சின்ன செஷன் ஃபைல்கள் சேர்ந்தால் எக்ஸ்டி4-இல் ஐநோடு தீர்ந்துபோகும். டிஸ்க்கை வளர்த்தால் ஐநோடும் சேர்ந்து வளரும்தான், ஆனால் அந்த ஃபைல்களை ஒழிப்பதே மருந்து.

15. இருக்கிற டிஸ்க்கை வளர்க்கிறதா, புதுசா ஒரு டிஸ்க் சேர்த்து 'விஜிஎக்ஸ்டெண்ட்' பண்றதா? எது நல்லது?

முடிந்தவரை இருப்பதையே வளருங்கள். விஜிஎக்ஸ்டெண்ட் சுலபம், பார்டிஷனையே தொட வேண்டாம், உண்மைதான். ஆனால் ஒரு ஃபைல்சிஸ்டம் இரண்டு டிஸ்க்குகளில் பரவிய பிறகு, அதில் ஒன்று காணாமல் போனாலும் முழுவதும் போனதுபோல்தான். ஆறு மாதம் கழித்து இன்னொருவர் வந்து 'இந்தச் சின்ன டிஸ்க் எதற்கு' என்று கழற்றிவிடுவது நடக்கக்கூடியது. பேக்கப்பிலும் ஸ்னாப்ஷாட்டிலும் இரண்டையும் ஒரே நொடியில் எடுத்தாக வேண்டும்.

ஒரு இடத்தில் மட்டும் புதிய டிஸ்க்தான் சரி. டிஸ்க்கின் பார்டிஷன் டேபிள் எம்பிஆர் என்ற பழைய வகையாக இருந்து 2 டிபி தாண்ட வேண்டும் என்றால். எம்பிஆரில் செக்டார் எண்ணுக்கு 32 பிட்தான், 512 பைட் செக்டாருக்கு 2 டிபியோடு முடிந்துவிடும். அதற்கு மேல் டிஸ்க்கை எவ்வளவு வளர்த்தாலும் பார்டிஷன் எட்டாது. ஜிபிடி என்ற புதிய வகைக்கு மாற்றலாம், ஆனால் பயாஸ் முறையில் பூட் ஆகும் ரூட் டிஸ்க்கில் அதற்குத் தனிப் பார்டிஷனும், பூட்லோடரான கிரப்பைத் திரும்பப் போடுவதும் தேவைப்படும். ஓடும் ப்ரொடக்‌ஷனில் அந்தச் சோதனை வேண்டாம். டேட்டாவைத் தனியாக ஒரு ஜிபிடி டிஸ்க்குக்கு நகர்த்துங்கள்.

16. 100 ஜிபின்னு போட வேண்டிய இடத்துல 1000 போட்டுட்டேன். திரும்பக் குறைக்க முடியுமா?

எந்த அடுக்குவரை போனீர்கள் என்பதைப் பொறுத்தது. கிளவுடில் வால்யூமைக் குறைக்க வழியே இல்லை என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும், இபிஎஸ் குறைக்க விடாது. எக்ஸ்எஃப்எஸ்ஸையும் நடைமுறையில் சுருக்க முடியாது. எக்ஸ்டி4-ஐச் சுருக்கலாம், ஆனால் அன்மவுண்ட் செய்து, 'இ2எஃப்எஸ்சிகே -எஃப்' ஓட்டி, பிறகுதான். ரூட் என்றால் ரெஸ்க்யூ மோடில் போக வேண்டும். வளர்க்கும்போது கீழிருந்து மேலே போனோம். சுருக்கும்போது மேலிருந்து கீழே, ஃபைல்சிஸ்டம் முதலில், லாஜிக்கல் வால்யூம் அப்புறம். வரிசை மாறினால் ஃபைல்சிஸ்டத்தின் வால் வெட்டுப்படும்.

வால்யூம் குரூப்வரை மட்டும் போயிருந்தால் ஓர் அழகான வழி இருக்கிறது. சரியான அளவில் சின்ன டிஸ்க் ஒன்றைச் சேர்த்து, அதை 'விஜிஎக்ஸ்டெண்ட்' மூலம் குரூப்பில் சேருங்கள். பிறகு 'பிவிமூவ்' கட்டளை பெரிய டிஸ்க்கில் உள்ளதை ஓடிக்கொண்டிருக்கும்போதே சின்னதுக்கு நகர்த்தும். முடிந்ததும் 'விஜிரெட்யூஸ்' செய்து பெரியதைக் கழற்றிவிடலாம். டேட்டா டிஸ்க்குக்கு இது அருமையாக வேலை செய்யும். பூட் ஆகும் டிஸ்க்குக்குப் போதாது, பூட்லோடரும் பூட் பார்டிஷனும் பழையதிலேயே நின்றுவிடும்.

17. டிஸ்க் என்க்ரிப்ட் ஆகியிருக்கு. படிகள் மாறுமா?

ஓர் அடுக்கு கூடும். எல்எஸ்பிஎல்கே மரத்தில் பார்டிஷனுக்கும் பிசிக்கல் வால்யூமுக்கும் நடுவில் கிரிப்ட் என்று ஒரு வரி தெரியும். குரோபார்ட்டுக்குப் பிறகு 'கிரிப்ட்செட்டப் ரீசைஸ்' கட்டளையை அந்த வரியின் பெயருக்குக் கொடுங்கள். என்க்ரிப்ஷன் வகை எல்யூகேஎஸ்2 என்றால் பாஸ்ஃப்ரேஸ் கேட்கலாம், கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். அப்புறம் பிவிரீசைஸை எஸ்டிஏ3-க்குக் கொடுக்காமல் இந்த கிரிப்ட் டிவைஸுக்குக் கொடுக்க வேண்டும். மற்றதெல்லாம் 5 போலவே.

18. விஎம்முக்குள்ள 40 ஜிபி காலியா இருக்கு. ஆனா திடீர்னு விஎம் பாஸ் ஆகி நின்னுடுச்சு, டிஸ்க் எரர்னு வருது. இது என்ன கணக்கு?

உள்ளே இருக்கும் இடம் வெளியே இல்லை. தின் ப்ரொவிஷனிங்கில் ஹைப்பர்வைசர் 100 ஜிபி என்று வாக்குக் கொடுக்குமே தவிர, எழுத எழுதத்தான் உண்மையான இடத்தை ஒதுக்கும். பத்து விஎம்களுக்கு இப்படி வாக்குக் கொடுத்துவிட்டு ஹோஸ்டின் (விஎம்கள் ஓடும் உண்மையான மெஷினின்) ஸ்டோரேஜ் நிறைந்துபோனால், கேவிஎம் அடுத்து எழுத முயலும் விஎம்மைத் தற்காலிகமாக நிறுத்தி (பாஸ்) வைத்துவிடும். விஎம்முக்குள் எந்த அடுக்கைப் பார்த்தாலும் விடை கிடைக்காது. 1-ஆம் கேள்வியில் சொன்ன அடுக்குகளுக்கும் அடியில், ஹோஸ்டில் இன்னோர் அடுக்கு இருக்கிறது. அங்கே இடம் ஒழித்துக் கொடுத்து ரெஸ்யூம் செய்தால் விஎம் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

ஹோஸ்டில் எல்விஎம் தின் பூல் என்றால் 'எல்விஎஸ்' கட்டளையில் டேட்டா சதவீதம், மெட்டா சதவீதம் இரண்டையும் பாருங்கள். பலரும் டேட்டாவை மட்டும் பார்ப்பார்கள். மெட்டாடேட்டா நிறைந்தால் பூலையே பழுதுபார்க்க வேண்டி வரும், அது டேட்டா நிறைவதைவிட மோசம். எல்விஎம் கான்ஃப் ஃபைலில் தின் பூல் ஆட்டோஎக்ஸ்டெண்ட் த்ரெஷோல்ட் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. இயல்பாக அது 100, அதாவது தானாக வளராது. 80 என்று மாற்றினால் பூல் 80 சதவீதத்தைத் தாண்டியதும் தானாக வளரும், குரூப்பில் இடம் மிச்சம் இருந்தால். 6-இல் கொஞ்சம் கையில் வைத்திருங்கள் என்று சொன்னது இங்கேயும் உதவும்.

விஎம்முக்குள் ஃபைல்களை அழித்தால் மட்டும் ஹோஸ்டுக்கு இடம் திரும்பாது. விர்ச்சுவல் டிஸ்க்கில், காலியான இடத்தை ஹோஸ்டுக்குச் சொல்லும் டிஸ்கார்ட் இயக்கப்பட்டிருக்க வேண்டும், உள்ளே 'எஃப்எஸ்ட்ரிம் -ஏ' ஓட வேண்டும். பல டிஸ்ட்ரோக்களில் இதற்கு வாரம் ஒருமுறை ஓடும் டைமர் தயாராக இருக்கும். 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்' கட்டளையில் எஃப்எஸ்ட்ரிம் டைமர் பெயரைக் கொடுத்து, ஆக்டிவ் என்று வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.